மாரிகாலமும் குளிர்காலமும்: 'வின்டர்' என்னும் சொல்லின் பொருளும் வழக்கும்

ஆங்கிலத் திருமறையை ஒருபுறமும் தமிழ்த் திருமறையை மறுபுறமும் விரித்துவைத்துப் பிரசங்கம் ஆயத்தம் செய்வது நம்மில் அநேகருக்குப் பழக்கமாகிவிட்டது. விளக்கவுரைகளில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருப்பதால் இது தவிர்க்கக்கூடியதன்று. ஆனால் ஒரே வசனத்தில் இவ்விரு நூல்களும் வெவ்வேறு பொருள்தரும் சொற்களைக் காட்டும்போது, ஆங்கிலம் சொல்லுவதே மூலத்துக்கு நெருக்கமானது என்றும், தமிழ் மொழிபெயர்ப்பாளர் ஏதோ தம் நாட்டுக்கேற்ப மாற்றிக்கொண்டனர் என்றும் விசாரியாமலே முடிவுகட்டிவிடுகிறோம். பல இடங்களில் இம்முடிவு சரியாயிருக்கலாம். 'வின்டர்' என்ற சொல்லைப் பொறுத்தவரை அது சரியன்று என்பதே இக்கட்டுரையின் பொருள்.

யூதேயாவிலுள்ளவர்கள் மலைகளுக்கு ஓடிப்போகவேண்டிய நாளைக்குறித்து ஆண்டவர் பேசுகையில், அந்த ஓட்டம் ஒரு குறிப்பிட்ட பருவத்தில் நேரிடாதபடி வேண்டிக்கொள்ளுமாறு சீஷருக்குச் சொன்னார் (மத்தேயு 24:20; மாற்கு 13:18). அப்பருவத்தை ஆங்கிலத் திருமறை 'வின்டர்' என்கிறது. 1871ஆம் ஆண்டில் ஹென்றி பவர் ஐயரின் தலைமையில் நிறைவெய்திய ஐக்கிய மொழிபெயர்ப்பின் வழிவந்ததும், நம் சபைகளில் இன்றும் வாசிக்கப்படுவதுமான பழைய தமிழ்த் திருமறையோ 'மாரிகாலம்' என்கிறது. யோவான் 10:22, 2 தீமோத்தேயு 4:21 ஆகிய இடங்களிலும் அவ்வாறே. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு யோவான் 10:22இல் 'குளிர்காலம்' என்று எழுதுகிறது. பிரசங்க பீடங்களிலும் வேதபாட வகுப்புகளிலும் இந்தச் சொல்லே இப்பொழுது மிகுதியாகக் கேட்கப்படுகிறது. "தமிழிலே மாரிகாலம் என்றிருக்கிறது, ஆனால் சரியான அர்த்தம் குளிர்காலம்" என்று திருத்திச் சொல்லும் இளைஞரை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். திருத்தம் எனக் கருதிச் செய்யப்படும் இது உண்மையில் திருத்தந்தானா?

முதலில் ஆங்கிலச் சொல்லையே பார்ப்போம். 'வின்டர்' என்பது பழைய ஜெர்மானிய மொழிக் குடும்பத்துக்குப் பொதுவான சொல். ஜெர்மன் மொழியிலும் டேனிஷ் மொழியிலும் ஏறக்குறைய இதே ஒலியுடன் அது வழங்குகிறது. அதன் பிறப்பைக்குறித்து அறிஞரிடையே ஒருமித்த கருத்தில்லை. ஒரு சாரார் அதனை நீர், ஈரம் என்னும் பொருளுடைய பழைய வேருடன் இணைத்து, ஈரமான பருவம் என்பதே ஆதிப்பொருள் என்பர். மற்றொரு சாரார் வெண்மையைக் குறிக்கும் கெல்த்திய மொழிச் சொல்லுடன் அதனை ஒப்பிடுவர். எப்படியாயினும், வட ஐரோப்பாவில் அச்சொல் வழங்கிவந்த நூற்றாண்டுகளில் உறைபனி, இருள், இலையுதிர்ந்த மரம், வேலை ஓய்ந்த வயல் ஆகிய யாவும் அதனுள் குடிபுகுந்துவிட்டன. பழைய ஆங்கிலத்தில் ஒருவருடைய வயதையே இத்தனை 'வின்டர்' என்று எண்ணினார்கள். நாம் "இத்தனை மழையைக் கண்டவன்" என்பதில்லையா, அதுபோல! உயிரோடு கடந்து வந்ததே ஒரு சாதனை என்று கருதத்தக்க பருவத்தைக்கொண்டுதான் மக்கள் ஆண்டுகளை எண்ணுவார்கள் போலும்.

இனி கிரேக்கம். புதிய ஏற்பாட்டில் இப்பருவத்துக்கு வழங்கும் சொல் 'கெய்மோன்'. இதன் வேர் பனியும் குளிருமே. வடமொழியின் ஹிமம், ஹேமந்தம், நாம் நாள்தோறும் சொல்லும் இமயம் ஆகிய யாவும் அதற்கு உறவுமுறைச் சொற்கள். ஆகவே பிறப்பை மட்டும் பார்த்தால் ஆங்கிலச் சொல் ஒருவேளை ஈரத்தையும், கிரேக்கச் சொல் நிச்சயமாய்ப் பனியையும் காட்டவேண்டும். வழக்கிலோ இரண்டும் இடம் மாறிவிட்டன. ஆங்கிலச் சொல் குளிருக்குரியதாயிற்று. மத்தியதரைக் கடலோரத்தில் வாழ்ந்த கிரேக்கருக்குக் குளிர்ப்பருவம் புயலும் மழையுமாய் வந்ததால், 'கெய்மோன்' என்ற ஒரே சொல் அப்பருவத்தையும், அப்பருவத்தில் அடிக்கும் புயலையும், ஏன், எக்காலத்தில் அடிக்கும் புயலையும் குறிக்கலாயிற்று. ஒரு சொல்லின் பொருளை அதன் பூர்வீகத்தில் தேடாமல் அது வழங்கும் வாக்கியத்தில் தேடவேண்டும் என்று ஜேம்ஸ் பார் 1961இல் எழுதிய நூலில் வற்புறுத்தியது நம் வகுப்பறைகளில் அடிக்கடி சொல்லப்படுவதே. அதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டைத் தேடவேண்டியதில்லை.

'கெய்மோன்' புதிய ஏற்பாட்டில் ஆறு இடங்களில் வருகிறது. மேலே சொன்ன நான்கு இடங்களைத் தவிர்த்து எஞ்சியவை இரண்டு. மத்தேயு 16:3இல், காலையில் வானம் சிவந்து மந்தாரமாயிருந்தால் அன்றைக்கு இன்னது உண்டாகும் என்று ஜனங்கள் சொல்லுகிற அந்த 'இன்னது' இச்சொல்லே. (இப்பகுதி சில தொன்மையான கையெழுத்துப் பிரதிகளில் இல்லை என்பதை மாணவர் அறிவர்.) அங்கே எந்த ஆங்கில மொழிபெயர்ப்பும் 'வின்டர்' என்று எழுதாது, எழுதவும் முடியாது. நம் பழைய திருமறை காற்றும் மழையும் என்கிறது. அப்போஸ்தலர் 27:20இல் பவுல் ஏறியிருந்த கப்பலைப் பல நாள் மோதியடித்ததும் அதுவே. அவ்விடத்தில் பெருங்காற்றுமழை என்று தமிழில் காண்கிறோம். ஆக, ஆறு இடங்களிலும் காற்றும் மழையும் கலந்த ஒரே எண்ணத்தை விடாமல் காத்துக்கொண்டவர்கள் தமிழ் மொழிபெயர்ப்பாளர்களே. ஆங்கிலமோ இரண்டிடத்தில் புயலென்றும் நான்கிடத்தில் 'வின்டர்' என்றும் பிரித்தது. ஆங்கிலத்துக்கு வேறு வழியில்லை. நமக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

எபிரெயத்தில் வழங்கும் 'கோரெஃப்' என்ற சொல்லும் இதற்கு இசைவானது. அது கனிகளைச் சேர்த்து முடித்த இலையுதிர் பருவத்தில் தொடங்கி, முன்மாரி பெய்து, உழவு நடந்து, மழை ஓயும்வரையுள்ள நீண்ட காலப்பகுதியைக் குறிக்கும். ஆதியாகமம் 8:22இல் குளிருக்கு வேறொரு தனிச்சொல் இருக்க, அதற்கடுத்து இச்சொல் கோடைக்கு எதிரிணையாக நிற்கிறது. அவ்வசனம் செய்யுள்நடையில் அமைந்ததாகையால் இதனை முற்றான சான்றென்று சொல்லேன். ஆயினும் குளிரே அதன் முழுப்பொருள் அன்று என்பதற்கு இது ஒரு குறிப்பு. உன்னதப்பாட்டு 2:11இல் வருவதோ வேறொரு சொல், 'செத்தாவ்'. பழைய ஏற்பாட்டிலேயே இந்த ஓரிடத்தில்தான் அது காணப்படுகிறது. அதன் பொருளை மழை ஓய்ந்தது என்ற அடுத்த கூற்றே விளக்கிவிடுகிறது. முன்மாரி, பின்மாரி என்று உபாகமத்திலும் யாக்கோபிலும் மொழிபெயர்த்தவர்கள், அவ்விரண்டுக்கும் நடுவிலுள்ள காலத்தை மாரிகாலம் என்று சொன்னது எவ்வளவு பொருத்தமாயிருக்கிறது! அது ஒரு சொல்லின் மொழிபெயர்ப்பாய் மட்டும் நில்லாமல், அத்தேசத்தின் ஆண்டுச் சக்கரத்தையே தமிழாக்கிவிடுகிறது.

பாலஸ்தீனத்தில் குளிர் இல்லை என்று நான் சொல்லவில்லை. எருசலேம் கடல்மட்டத்துக்குச் சுமார் 750 மீட்டர் உயரத்தில் உள்ளது. சனவரியில் அங்கே வெப்பநிலை ஏறக்குறைய 6 பாகை செல்சியஸிலிருந்து 12 பாகைவரை இருக்கும். சில ஆண்டுகளில் உறைந்த மழையும் விழுவதுண்டு. ஆனால் மழையும் குளிரும் அங்கே ஒரே பருவத்தில் சேர்ந்தே வருகின்றன. ஒன்பதாம் மாதமாகிய கிஸ்லேவில் யோயாக்கீம் ராஜா கணப்பண்டை உட்கார்ந்து சுருளை எரித்தான் (எரேமியா 36:22). அதே ஒன்பதாம் மாதத்தில் எஸ்றாவின் கட்டளைப்படி கூடிய ஜனங்கள் ஆலயத்து வீதியில் பெருமழையினால் நடுங்கிக்கொண்டிருந்தார்கள் (எஸ்றா 10:9). ராஜாவுக்கு நெருப்பு இருந்தது. ஜனங்களுக்கு மழை இருந்தது. அதே மாதத்தின் 25ஆம் நாளில் தொடங்கியதே தேவாலயப் பிரதிஷ்டைப் பண்டிகை. அப்பொழுது ஆண்டவர் சாலொமோனுடைய மண்டபத்தில் உலாவினார் என்று யோவான் குறிப்பதற்குக் காரணம் இப்பொழுது விளங்கும். அது கூரையுள்ள இடம்.

இப்பின்னணியோடு நம் பகுதிக்கு வருவோம். கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் ஆண்டு மழையில் பாதிக்குமேல் ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாதங்களிலே வடகிழக்குப் பருவக்காற்றினால் பெய்கிறது. வடக்கே தென்பெண்ணை, நகரின் நடுவே கெடிலம், தெற்கே பரவனாறு, பரங்கிப்பேட்டையருகே வெள்ளாறு, சிதம்பரத்துக்குத் தெற்கே கொள்ளிடம் என்று இத்தனை ஆறுகள் சிறு தொலைவுக்குள் கடலை அடைகின்றன. மேற்கே பெய்யும் மழையெல்லாம் இங்கே வந்துதான் வடியவேண்டும். (கடலூரில் 'ஓ.டி.' என்றும் 'என்.டி.' என்றும் சொன்னால் பழைய ஏற்பாடும் புதிய ஏற்பாடும் அல்ல, பழைய நகரமும் புதிய நகரமும் என்பதைப் புதிதாய் வரும் போதகர் ஒருவாரத்துக்குள் கற்றுக்கொள்வார். கெடிலம் பெருகும்போது ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவதும் அத்தனை எளிதன்று.) இந்தப் பருவம் முடிந்தபின் தை பிறக்கிறது. வானம் தெளிகிறது, சம்பா அறுவடையாகிறது, தெருக்களில் திருமண ஊர்வலங்கள் செல்கின்றன. இந்திய வானிலை ஆய்வுத்துறை தன் கணக்கில் 'வின்டர்' என்று பெயரிட்டிருப்பது சனவரி, பெப்ரவரி ஆகிய இவ்விரண்டு மாதங்களையே. அப்பொழுதும் கடலூரில் விடியற்காலை வெப்பம் 20 பாகைக்குக் கீழே இறங்குவது அரிது.

தமிழ் மரபும் இவ்விரண்டையும் பிரித்தே வைத்திருக்கிறது. தொல்காப்பியம் சொல்லும் ஆறு பெரும்பொழுதுகளில் காரும் கூதிரும் மழையோடு தொடர்புடையவை. ஆவணி முதல் கார்த்திகை வரையுள்ள நான்கு மாதங்கள். மார்கழியும் தையும் முன்பனி. மாசியும் பங்குனியும் பின்பனி. ஆங்கிலத்தின் நான்கு பருவங்களை இந்த ஆறின்மேல் போர்த்திப் பார்த்தால் எங்கும் பொருந்தாது. பாலஸ்தீனத்து மாரியோ, கூதிரின் அடைமழையையும் முன்பனியின் குளிரையும் ஒருங்கே கொண்டது. இரண்டில் ஒன்றைத்தான் சொல்லமுடியும் என்றால், ஆண்டவர் வேண்டிக்கொள்ளச் சொன்ன ஆபத்து எதில் அடங்கியிருக்கிறது என்பதைக்கொண்டே தெரிந்தெடுக்கவேண்டும்.

இங்கேதான் 'குளிர்காலம்' என்ற சொல் நம்மைத் தவறான இடத்தில் கொண்டுபோய் விடுகிறது. சோழமண்டலக் கரையில் வாழ்கிறவனுக்குக் குளிர்காலம் இன்பமான காலம். வெயில் தணிந்திருக்கும், பாதை உலர்ந்திருக்கும், களஞ்சியத்தில் நெல் இருக்கும். ஆண்டு முழுவதிலும் பிரயாணத்துக்கு ஏற்ற நாள்கள் அவையே. ஓடிப்போகவேண்டுமானால் தையில் ஓடுவதே நலம் என்று இங்குள்ள எவரும் சொல்லுவர். எனவே, "உங்கள் ஓட்டம் குளிர்காலத்தில் நேரிடாதபடி ஜெபியுங்கள்" என்று விளக்கினால், கேட்கிறவன் நேர் எதிரான காலத்தை நினைத்துக்கொள்ளுகிறான். அல்லது, அது வேறொரு தேசத்துக் காரியம் என்று விட்டுவிடுகிறான். சொல் அகராதிப்படி சரியாயிருந்தும் பொருள் தலைகீழாகிவிடுகிறது.

கொள்ளிடக் கரையோரச் சிற்றூர் ஒன்றில் இறையியல் மாணவர் ஒருவர் இவ்வசனத்தைப் பேசியதைக் கேட்டிருக்கிறேன். மலைப்பாதையில் பனிக்கட்டி மூடியிருப்பதையும், உறையும் குளிரில் விரல்கள் மரத்துப்போவதையும் அவர் நன்றாகவே வருணித்தார். சபையார் அமைதியாகக் கேட்டிருந்தனர். ஆராதனை முடிந்தபின் மூதாட்டி ஒருவர் என்னிடம் வந்து, "தம்பி என்னமோ பனிக்கட்டின்னு சொல்லிச்சு, நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா புத்தகத்துல மாரிகாலம்னுதானே ஐயா படிச்சாங்க? மழையில புள்ளைய இடுப்புல வச்சிக்கிட்டு ஓடுனது எங்களுக்குத் தெரியாதா?" என்றார். அவ்வசனத்துக்கு முந்திய வசனம் கர்ப்பவதிகளையும் பால்கொடுக்கிறவர்களையும்பற்றியது என்பதை அவர் குறிப்பிடவில்லை. குறிப்பிடாமலே அந்த இணைப்பைச் செய்துவிட்டார். விளக்கவுரை வாசித்திருந்த மாணவர் அதைச் செய்யவில்லை.

மழைக்காலத்து ஓட்டம் என்றால் என்ன என்பதற்கு வரலாற்றிலும் சான்று உண்டு. கி.பி. 68ஆம் ஆண்டின் இளவேனிற்காலத்தில், வெஸ்பாசியானின் படைத்தலைவன் பிளாசிதுவுக்குத் தப்பி கதாரா பகுதியினின்றும் ஓடிய யூதர் யோர்தானை நோக்கி விரைந்தார்கள். மழையினால் ஆறு பெருகியிருந்தது. கடக்கும் துறை இல்லை. முன்னே வெள்ளம், பின்னே வாள். 15,000 பேர் அங்கே மாண்டனர் என்றும், ஆற்றில் விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை என்றும் யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர் யூதப்போரைப்பற்றிய தம் நூலின் நான்காம் பாகத்தில் எழுதுகிறார். அவருடைய எண்கள் பெரும்பாலும் மிகைப்பட்டவையே. நிகழ்ச்சியைச் சந்தேகிக்க ஏதுவில்லை. அவர்களைக் கொன்றது குளிர் அல்ல, கடக்கமுடியாத ஆறு.

யூத மரபில் இன்னும் அழகான ஒரு குறிப்பு உண்டு. மழைக்காக வேண்டுதல்செய்ய எப்பொழுது தொடங்கவேண்டும் என்று மிஷ்னாவின் தானீத் பகுதி விவாதிக்கிறது. கூடாரப் பண்டிகை முடிந்து 15 நாள் சென்றபின் தொடங்கலாம் என்பது ரபான் கமாலியேலின் தீர்ப்பு. காரணம், பண்டிகைக்கு வந்து திரும்பும் யாத்திரிகரில் கடைசி மனிதனும் ஐபிராத்து நதியைச் சென்றடைய அவகாசம் வேண்டும் என்பதே. வயலுக்கு மழை அவசியம். ஆயினும் வழிப்போக்கன் ஒருவன் இன்னும் பாதையில் இருக்கையில் அதைக் கேட்கலாகாது! பிரயாணத்தையும் மழையையும் ஜெபத்தையும் இவ்வாறு சேர்த்து நினைக்கும் ஜனத்தின் நடுவிலேதான் ஆண்டவர் அவ்வார்த்தையைச் சொன்னார். உபத்திரவம் வாராதபடி வேண்டிக்கொள்ளுங்கள் என்று அவர் கூறவில்லை. வரும்போது ஆறு வற்றியிருக்கும்படி வேண்டிக்கொள்ளுங்கள் என்றார் எனலாம்.

கடலூர்ச் சபையின் பழைய வரலாற்றிலும் ஓர் ஓட்டம் உண்டு. தரங்கம்பாடியிலிருந்து வளர்ந்த அருட்பணியின் கிளையாகச் சர்தோரியு, கைஸ்டர் என்னும் இருவர் 1737இல் இங்கே தொடங்கிய ஊழியத்தை, 1740 முதல் சுவீடன் நாட்டவரான கீர்னாந்தர் நடத்திவந்தார். 1758ஆம் ஆண்டு மே, சூன் மாதங்களில் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரையும் புனித தாவீது கோட்டையையும் கைப்பற்றியபொழுது ஊழியம் சிதறுண்டது. கீர்னாந்தர் தரங்கம்பாடிக்குச் சென்று, அவ்வாண்டிலேயே கல்கத்தாவை அடைந்து, அங்கே புதிய ஊழியத்தைத் தொடங்கினார். கடலூரிலிருந்து தரங்கம்பாடிக்குக் கரைவழியே போகிறவன் வெள்ளாற்றையும் கொள்ளிடத்தையும் காவிரியையும் கடக்கவேண்டும். பாலங்கள் இல்லாத அந்நாளில் வைகாசியில் அது மணலில் நடப்பதே. அதே முற்றுகை கார்த்திகையில் நேர்ந்திருந்தால் பரங்கிப்பேட்டைக்கு அப்பால் எத்தனைபேர் போயிருப்பர்?

அண்மைக் காலத்துக்குச் சான்று தேடவேண்டியதேயில்லை. 2011 டிசம்பர் 30ஆம் நாள் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரைகடந்து, பண்ருட்டிப் பக்கத்து முந்திரியையும் பலாவையும் வேரோடு சாய்த்தது. 2015 நவம்பரில் பெருமழை இம்மாவட்டத்துச் சிற்றூர்களை நீரில் ஆழ்த்தியது. 2024 டிசம்பர் தொடக்கத்தில், பெஞ்சல் புயலையடுத்துச் சாத்தனூர் அணையிலிருந்து திறந்துவிடப்பட்ட வெள்ளம் தென்பெண்ணையில் வந்து கடலூரின் புறநகர்களுக்குள் புகுந்தது. இரவில் பிள்ளைகளையும் முதியோரையும் தூக்கிக்கொண்டு வெளியேறினவர்கள் நம் சபைகளில் இருக்கிறார்கள். இவர்களுக்கு முன்நின்று மத்தேயு 24:20ஐ வாசிக்கும் போதகர், ஐரோப்பியப் பனியைத் தம் கற்பனையால் வரவழைக்கவேண்டுமா?

கடலைக்குறித்தும் ஒரு வார்த்தை. பவுல் தீமோத்தேயுவை மாரிகாலத்துக்குமுன் வரச்சொன்னார். அதற்குச் சில வசனங்களுக்கு முன்னே மேலங்கியைக் கேட்டிருக்கிறார் (2 தீமோத்தேயு 4:13). சிறையில் குளிர் இருந்தது என்பதற்கு அந்த அங்கி சாட்சி, அதை மறுக்கலாகாது. ஆனால் அவசரத்துக்குக் காரணம் குளிர் மட்டும் அன்று. நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் அடைபட்டது என்று உரோமப் போர்நூலாசிரியரான வெகேத்தியு எழுதுகிறார். அதற்குமுன் கப்பலேறாதவன் இளவேனில்வரை வரமுடியாது. வயது முதிர்ந்த கைதி ஒருவன் அத்தனை மாதம் பிழைத்திருப்பானா என்பது யாருக்குத் தெரியும்? அப்போஸ்தலர் 27ஆம் அதிகாரத்தில் உபவாசநாள் கழிந்தபின்னும் கப்பல் புறப்பட்டதன் விளைவை லூக்கா விரிவாய்ச் சொல்லுகிறார். நம் கரையிலும் இதே முறைமை இருந்தது. துறைமுகப் பாதுகாப்பற்ற இக்கடலோரத்தைவிட்டு ஐரோப்பியரின் போர்க்கப்பல்கள் ஐப்பசி பிறக்கும்போதே பம்பாய்க்கோ திருகோணமலைக்கோ விலகிப்போய்விடும். கடலூர்த் துறைமுகத்தில் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்படும் மாதங்களில் படகுகள் கரையேறிக் கிடப்பதை இன்றும் காணலாம். தேவனாம்பட்டினத்து மீனவரிடம் "மாரிக்குமுன் வந்துவிடு" என்று சொல்லிப் பாருங்கள், விளக்கவுரை தேவைப்படாது.

இவ்வாறு மாரிகாலத்தைச் சரியாய்க் கண்டுகொண்ட அதே மொழிபெயர்ப்பாளர், உண்மையாகவே நம் நாட்டில் இல்லாத ஒன்றைச் சந்தித்தபோது என்ன செய்தார்கள் என்பதும் கவனிக்கத்தக்கது. வானத்திலிருந்து வெண்மையாய், மெத்தென்று இறங்கும் அந்தப் பொருளுக்கு அன்றைய கடலோரத் தமிழில் சொல் இல்லை. பனி என்றால் புல்லின்மேல் நிற்கும் நீர்த்துளி; எர்மோனின்மேல் இறங்குவதாகச் சங்கீதம் 133 சொல்லுவது அதுவே. எனவே 'உறைந்த மழை' என்று ஒரு தொடரை ஆக்கினார்கள். சங்கீதம் 51:7, ஏசாயா 1:18, மத்தேயு 28:3, வெளிப்படுத்தின விசேஷம் 1:14 ஆகிய இடங்களிலெல்லாம் அதைக் காணலாம். சங்கீதம் 147இல் உறைந்த மழை, உறைந்த பனி, கல்மழை என்று மூன்றையும் அவர்கள் பிரித்துக்காட்டும் திறமை வியப்புக்குரியது. ஒருபோதும் காணாததை, கண்டதாகிய மழையைக்கொண்டு சொன்னார்கள். இக்காலத்தில் செய்தித்தாள்கள் காஷ்மீரத்தில் விழுவதையும் பனி என்கின்றன, சிதம்பரத்தில் மார்கழி விடியலில் இறங்குவதையும் பனி என்கின்றன. ஆகையால் 'பனிக்காலம்' என்ற சொல்லும் நமக்குப் பயன்படாது. நம் வீடுகளில் கிறிஸ்து பிறப்பு விழாவுக்குச் சவுக்குக் கிளையை நட்டு, அதன்மேல் பஞ்சை ஒட்டிவைக்கிறோம், வெளியே தூறிக்கொண்டிருக்கும். அதில் பெரிய தீமை ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பஞ்சு மெல்ல மெல்லப் பெத்லகேமின்மேலும் விழுந்து, பின்பு மத்தேயு 24ஆம் அதிகாரத்தின்மேலும் விழுந்துவிடுகிறது.

நடைமுறையில் என்ன செய்யலாம்? மாரிகாலம் என்பது கடலூர், சிதம்பரம் பகுதிப் பேச்சில் அருகிவிட்டது. மழைக்காலம் என்றே சொல்லுகிறார்கள். யாழ்ப்பாணத்தில் மாரியும் கோடையும் இன்றும் வீட்டுச் சொற்கள். இளைஞருக்கு அச்சொல் புரியவில்லை என்றால், 'புயல்மழைக் காலம்' என்று விரித்துச் சொல்லுவதே என் பரிந்துரை. வாசிக்கையில் புத்தகத்திலுள்ளபடி வாசிக்கட்டும். நீலகிரியிலோ கொடைக்கானலிலோ ஊழியம்செய்யும் சகோதரருக்குச் சனவரியின் உறைபனி உண்மையான துன்பம்; அவர்கள் குளிரையும் சேர்த்தே விளக்கலாம். மாரியை விட்டுவிட்டுக் குளிரை மட்டும் சொல்லவேண்டாம் என்பதே என் வேண்டுகோள்.

பழைய மொழிபெயர்ப்பு எல்லா இடத்திலும் தவறாதது என்றும் நான் வாதிடவில்லை. நீதிமொழிகள் 20:4 இதற்கு விலக்கு. அங்கே எபிரெயத்தில் இருப்பது முன்சொன்ன 'கோரெஃப்' என்ற பருவப்பெயரே. ஆங்கிலத்தில் 1611ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பு அதைக் குளிர் என்று எடுத்துக்கொண்டது. நம் தமிழும் சோம்பேறி குளிரைச் சாக்குச்சொல்லி உழாதிருப்பதாகவே சொல்லுகிறது. பாலஸ்தீனத்து உழவன் கலப்பையை எடுப்பது முன்மாரி நிலத்தை இளக்கியபின்னரே. ஆகவே, உழவேண்டிய பருவத்தில் அவன் உழவில்லை என்பதே மூலத்தின் நேர்பொருள். குளிர் அங்கே இரண்டாம்பட்சம். காட்டுமன்னார்கோயில் பக்கத்துச் சபைகளில் இவ்வசனத்தைப் பேசுகிறவர்கள், ஆவணி புரட்டாசியில் விதைக்கும் சம்பாவை நினைவுபடுத்தி, வீராணத்து நீரும் வானத்து மழையும் வந்தபின்னும் வயலில் இறங்காதவனைக் காட்டினால், தையில் அவன் வெறுங்கையோடு நிற்பது ஏன் என்பது அங்குள்ள சிறுபிள்ளைக்கும் தெரியும்.